பிரிட்டோரியா மிருகக்காட்சிசாலைக்குக் கிளம்பும் முன்: ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் தென் ஆப்பிரிக்காவில், பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சூரியனுக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. மே மாதமும் டிசம்பரும் வந்தால் எங்கள் வீட்டில் விருந்தாளிகள் இல்லாத வாரம் கிடையாது. அம்மா அப்பா, மாமனார் மாமியார், நாத்தனார் குடும்பம், என் கணவரோடு வேலை பார்ப்பவர்களின் பெற்றோர் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் எல்லோரையும் பூம் தெருவில் இருக்கும் தேசிய மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். இருபது தடவைக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு தடவையும் காரிலேயே கேள்விகள் தொடங்கிவிடும். புதிதாக இங்கே வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் உதவுமே என்று அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

யானை எந்தப் பக்கம் இருக்கிறது?

வண்டலூரைப் பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பிரிட்டோரியாவில் இப்போது யானை இல்லை. சார்லி என்ற ஆண் யானைதான் கடைசியாக இருந்தது. 1984-இல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே காட்டில் அதைப் பிடித்தபோது அதற்கு இரண்டு வயது. பாஸ்வெல் வில்கி சர்க்கஸில் பல வருடம் வித்தை காட்டியது. 2000-க்குப் பிறகு இந்த மிருகக்காட்சிசாலைக்கு வந்தது. லாண்டா என்ற பெண் யானை அதற்குத் துணையாக இருந்தது. 2020-இல் லாண்டா இறந்த பிறகு சார்லி தனியாகிவிட்டது.

அந்த வருடங்களில் சார்லியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை என் மாமியார் கம்பிக்கு இந்தப் பக்கம் அரை மணி நேரம் அசையாமல் நின்றார். கிளம்பும்போது, "கோயில் யானைக்காவது பேசறதுக்குப் பாகன் இருப்பான். இதுக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2024 ஆகஸ்டில், நாற்பத்திரண்டு வயதில், சார்லியை லிம்போப்போ மாகாணத்தில் உள்ள ஷம்பாலா என்ற தனியார் காட்டுக்கு அனுப்பினார்கள். விலங்குநல அமைப்புகள் நீண்ட நாள் வலியுறுத்திய பிறகு நடந்தது இது. நான்கு மணி நேரம் லாரியில் போய்க் காட்டில் இறங்கியது. அந்தச் செய்தியை மாமியாருக்குப் போனில் படித்துக் காட்டினேன். அன்று சாயங்காலம் அவர் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாராம்.

ஆகவே யானை பார்க்க வேண்டும் என்றால் க்ரூகர், பிலானஸ்பர்க் போன்ற வனவிலங்குக் காடுகளுக்குப் போங்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள்: அங்கே பார்ப்பது நம் ஊர் யானை இல்லை. ஆப்பிரிக்க யானையின் காது தோள் முழுவதையும் மூடும் அளவுக்குப் பெரியது. பெண் யானைக்கும் வெளியே தந்தம் நீண்டிருக்கும். தும்பிக்கை நுனியில் விரல் போல இரண்டு பிடிப்புகள் உண்டு. நம் யானைக்கு ஒன்றுதான்.

முழுவதும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

முழுவதும் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இடம் 85 ஹெக்டேர். நடைபாதைகள் மட்டும் ஆறு கிலோமீட்டர். நடுவே ஏப்பீஸ் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்றுச்சரிவு. பாதி நடை ஏற்றத்தில்தான். முதல் வருடம் அம்மாவை எல்லாக் கூண்டுக்கும் கூட்டிப் போய்விட்டேன். சாயங்காலம் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. இரவு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இன்னைக்கு எதும்மா ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "நம்ம உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோமே, அந்த ஆத்தங்கரைதான்" என்றார். நாங்கள் உட்கார்ந்த ஒரே இடம் அதுதான்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். போகும் முன் ஐந்து மிருகங்களைத் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றின் முன்பும் இருபது நிமிடமாவது நிற்போம், முடிந்தால் பெஞ்சில் உட்காருவோம். இருபது நிமிடம் நீளமாகத் தோன்றலாம். முதல் ஐந்து நிமிடத்தில் மிருகம் ஒன்றுமே செய்யாது, பிள்ளைகள் சலித்துப்போவார்கள். பத்தாவது நிமிடத்துக்கு மேல் ஏதாவது நடக்கும். தூங்குவதாக நாம் நினைத்தது காதை மட்டும் திருப்பும். பாறை என்று நினைத்தது எழுந்து நடக்கும். மரத்தில் இன்னொன்றும் இருந்தது அப்போதுதான் தெரியும். வேகமாக நடப்பவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

வயதானவர்கள் நடக்க முடியாதே, வண்டி உண்டா?

கோல்ஃப் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். ஓட்டுநர் உரிமம் காட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்தவர் ஓட்டுவதாக இருந்தால் அவருடைய உரிமத்தை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். விடுமுறை நாட்களில் வண்டிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். குன்றின் உச்சிக்கு ஒரு கேபிள் காரும் உண்டு. அன்றைக்கு அது ஓடுகிறதா என்று காலையில் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. ஓடினால் மேலே போகும்போது அதில் போங்கள், இறங்கும்போது நடங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கஷ்டம் என்பவர்கள் இரண்டுக்கும் அதிலேயே போகலாம்.

எந்த மாதம் நல்லது?

இங்கே எல்லாம் தலைகீழ். நம் ஊரில் கத்திரி வெயில் கொளுத்தும்போது இங்கே குளிர் தொடங்கும். ஆடி மாதம்தான் கடுங்குளிர். காலையில் புல்லின்மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும். பத்து மணிக்கு மேல் இதமான வெயில், மேகமே இல்லாத வானம். எனக்குக் கேட்டால் இந்தக் குளிர்காலம்தான் சிறந்தது. மிருகங்கள் வெயில் காய வெளியே வந்து படுக்கும், மரத்தில் இலை குறைவு, நன்றாகத் தெரியும்.

அக்டோபரில் ஊர் முழுக்க ஜகரண்டா ஊதாவாகப் பூத்திருக்கும். அதற்காகவே அம்மாவை ஒரு தடவை அக்டோபரில் வரச் சொன்னேன். டிசம்பர், ஜனவரியில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். அந்த மாதங்களில் பன்னிரண்டு மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். ஊர் கடல் மட்டத்துக்கு 1300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் தோல் கறுத்துச் சிவந்துவிடும். தொப்பியும் தண்ணீரும் எந்த மாதமும் வேண்டும்.

சிங்கம் எப்போது பார்த்தாலும் தூங்குகிறதே, உடம்பு சரியில்லையா?

உடம்புக்கு ஒன்றுமில்லை. காட்டிலும் சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். வேட்டை பெரும்பாலும் இருட்டில்தான். கண்ணாடியைத் தட்டுவது, கைதட்டுவது, "ஏய் எழுந்திரு" என்று கத்துவது, இதெல்லாம் வேண்டாம். நம் வீட்டுத் தாத்தா மதியம் கண் அசந்திருக்கும்போது யாராவது ஜன்னலைத் தட்டினால் நமக்கு எப்படியிருக்கும்?

சிறுத்தைக் கூண்டில் இருந்தது சீட்டாவா லெப்பர்டா?

தமிழில் நாம் இரண்டையுமே சிறுத்தை என்று சொல்லிவிடுகிறோம். லெப்பர்டு சிறுத்தை. சீட்டாவுக்குத் தனிப் பெயர் உண்டு: சிவிங்கிப்புலி. அடையாளம் சுலபம். சிவிங்கிப்புலியின் கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வடிந்த தடம் போலக் கறுப்புக் கோடு ஓடும். உடம்பில் இருப்பவை நிறைந்த பொட்டுகள். சிறுத்தைக்கு அந்தக் கோடு கிடையாது, பொட்டுகள் ரோஜாப்பூப் போல நடுவில் வெளிறியிருக்கும். சிவிங்கிப்புலிக்குக் கர்ஜிக்கவும் வராது. பறவை போலக் கீச்சிடும், பூனை போல உறுமும். முதல் தடவை கேட்ட என் மகன் சுற்றிலும் பறவையைத் தேடினான்.

இந்த மிருகத்தின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். இந்தியாவில் அது அழிந்துவிட்டது என்று 1952-இல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் இந்தத் தென் ஆப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு விமானத்தில் போயின. நாம் இங்கே வந்தோம். அவை அங்கே போயிருக்கின்றன.

அவற்றைக் கூண்டில் குட்டி போட வைப்பது மிகவும் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தாண்டியதில் பிரிட்டோரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1971-இல் இந்த மிருகக்காட்சிசாலையின் துணையோடு ஊருக்கு மேற்கே டி வில்ட் என்ற இடத்தில் இனப்பெருக்க மையம் ஒன்று தொடங்கியது. அங்கே 1981-இல் பிறந்த குட்டிகளில் சிலவற்றுக்குப் பொட்டுக்குப் பதிலாக முதுகில் தடித்த கறுப்புப் பட்டைகள் இருந்தன. ராஜ சிவிங்கி என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கு முன்பு அது வேறு இனமோ என்ற சந்தேகம் இருந்தது. சாதாரணத் தாய்க்கே பிறந்ததும் சந்தேகம் தீர்ந்தது: அதே இனம், மரபணுவில் ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

நீர்யானையின் உடம்பில் ரத்தம் வடிகிறதே?

ரத்தம் இல்லை. தோலில் சுரக்கும் சிவப்பு நிறத் திரவம் அது. வெயிலிலிருந்து தோலைக் காக்கும், கிருமிகளையும் தடுக்கும். அப்பா இதைப் பார்த்துக் கவலைப்பட்டுக் காவலாளி ஒருவரை அழைத்துவந்தே விட்டார். அவர் பொறுமையாகச் சைகையிலேயே விளக்கினார்.

க்ரூகருக்குத்தான் போகப் போகிறோமே, இது எதற்கு?

நேரம் குறைவாக இருந்தால் க்ரூகரே போதும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முதலில் இங்கே வந்துவிட்டுப் போனால் க்ரூகரில் கண் பழகியிருக்கும். வெள்ளைக் காண்டாமிருகத்தின் வாய் அகலமாகத் தட்டையாக இருக்கும், அது புல் மேயும். கறுப்பின் மேலுதடு கொக்கி போலக் கூர்ந்திருக்கும், அது செடி கொடியின் இலையைப் பறித்துத் தின்னும். நிறத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் சாம்பல்தான். இதைப் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டவர்களுக்குக் காட்டில் நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் எது என்று தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த இடத்துக்கே ஒரு கதை இருக்கிறது. பழைய டிரான்ஸ்வால் குடியரசின் அரசு அருங்காட்சியகத்தில், கன்னிங் என்ற டச்சுக்காரர் இயக்குநராக இருந்தார். அவர் அருங்காட்சியகத்தின் கொல்லையில் வைத்திருந்த மிருகங்களுக்கு இடம் போதாமல் போக, 1899 அக்டோபரில் இங்கே கொண்டுவந்தார். அதே மாதம் 11-ஆம் தேதிதான் ஆங்கிலேயருக்கும் அந்தக் குடியரசை ஆண்ட டச்சு வம்சாவளியினரான போயர்களுக்கும் யுத்தம் மூண்டது. அடுத்த ஜூனில் பிரிட்டோரியா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஊரே ஆட்டம் கண்ட அந்த வருடத்தில் யாரோ தினமும் இவற்றுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு அந்த முகம் தெரியாத ஆட்கள்மேல் மரியாதை வருகிறது.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா?

தாராளமாக. ஆற்றங்கரை ஓரமாகப் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். விடுமுறை நாளில் எல்லா வகைக் குடும்பங்களும் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், இவை போதும். பிரிட்டோரியாவில் இந்தியக் குடும்பங்கள் வாழும் லோடியத்தில் இருக்கும் எங்கள் சிநேகிதி ஒருவர் டர்பன் பாணியில் மசாலா போட்ட கோழியும் ரொட்டியும் கொண்டுவருவார். அந்தக் காரத்துக்கு என் கணவரே தண்ணீர் கேட்பார். சாப்பிடும்போது வளைந்த மூக்குப் பறவைகள் சுற்றிச் சுற்றி வரும். அவை கூண்டுப் பறவைகள் இல்லை. ஊரில் சுதந்திரமாகத் திரியும் அரிவாள் மூக்கன்கள். பாட்டில் மூடி, பாலித்தீன் பை எதையும் விட்டுவிடாதீர்கள்.

குழந்தை ஆசைப்படுகிறான், ஒரே ஒரு சிப்ஸ் போட்டால் என்ன?

என் மகனுக்கு நான்கு வயதாக இருந்தபோது குரங்குக்குச் சிப்ஸ் எறிந்தான். நானும் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தேன். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அன்று அங்கே தூரத்தில் நின்ற ஒரு பராமரிப்பாளர் வந்து, கோபமே இல்லாமல், அந்தக் குரங்குகளுக்குக் காலையில் என்னென்ன நறுக்கிப் போட்டார் என்று என் மகனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். "நீ ஒண்ணு போட்டா, உனக்குப் பின்னாடி வர்ற ஐந்நூறு பேரும் ஒண்ணு போடுவாங்க" என்று முடித்தார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். மகனுக்கு நான் தமிழில் சொன்னேன். அசைபோடும் மிருகங்களுக்கு இது இன்னும் ஆபத்து. மானுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் ரொட்டியோ சோறோ அதிகமாகப் போனால் இரைப்பையில் அமிலம் கூடி உயிரே போகலாம்.

நம் பெரியவர்களுக்கு இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம். பசுவுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை அது. மாமனாரிடம், "மாமா, இதுங்களுக்கு டாக்டர் சொன்ன பத்தியம் இருக்கு" என்று சொன்னேன். பத்தியம் என்றதும் அவர் பழத்தைப் பைக்குள் வைத்துவிட்டார்.

பிள்ளைகளுக்குத் தமிழில் பெயர் தெரியவில்லை. எப்படிச் சொல்லித் தருவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இங்கே வளரும் பிள்ளைகள் பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ் படிக்கிறார்கள். அதையே படிக்கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் உள்ள பலகைகளில் மிருகக்காட்சிசாலைக்கு ஆஃப்ரிகான்ஸ் பெயர் இருக்கும். பிரித்தால் மிருகத் தோட்டம் என்று பொருள். ஒட்டகச்சிவிங்கியை அவர்கள் கமீல்பெர்ட் என்பார்கள், அதாவது ஒட்டகக் குதிரை. நாம் ஒட்டகத்தோடு சிவிங்கியைச் சேர்த்திருக்கிறோம், உடம்பில் உள்ள பொட்டுக்காக. இரண்டு மொழிக்காரர்களுக்கும் முதலில் ஒட்டகம்தான் ஞாபகம் வந்திருக்கிறது! நீர்யானை அவர்களுக்குக் கடல் பசு. முள்ளம்பன்றி இரும்புப் பன்றி. பன்றி என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். பச்சோந்திக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேட்டு என் மகள் குதித்தாள்: நிறம் மாறும் குட்டி மனிதன்.

மகள் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுத ஆரம்பித்தாள். தமிழ், ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம். தமிழ்ப் பத்தியை நிரப்பும் வேலை தாத்தாவுடையது. கழுதைப்புலி, வரிக்குதிரை, நெருப்புக்கோழி என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். போனில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசாத இருவரும் அன்று ஒரு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மிருகம் ஒன்றுக்குத் தமிழில் என்ன என்று தாத்தாவுக்குத் தெரியவில்லை. "நீயே ஒரு பேர் வை" என்றார். அவள் வைத்த பெயர் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்ததே, அது ஏன்?

பார்த்தால் மனம் சங்கடப்படும். தனிமை, சலிப்பு, இடம் போதாமை, இவற்றால் கூண்டு மிருகங்களுக்கு அப்படி ஒரு பழக்கம் வரும். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போதும் சில மிருகங்கள் அப்படி நடக்கும். எது என்று ஒரு பார்வையில் சொல்ல முடியாது. தீனியை ஒளித்து வைத்துத் தேட விடுவது, மணத்தைத் தெளிப்பது, கட்டையும் கயிறும் மாற்றி மாற்றி வைப்பது என்று அதைக் குறைக்க வழிகள் உண்டு. பிள்ளைகள் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "அது சந்தோஷமா வாக்கிங் போகுது" என்று மழுப்பாதீர்கள். அவர்களுக்குத் தெரியும்.

மிருகக்காட்சிசாலை சரியா தப்பா என்று என் அப்பாவும் நானும் பல தடவை விவாதித்திருக்கிறோம். யானை போல நெடுந்தூரம் நடந்து, கூட்டமாக வாழும் மிருகத்தை நகரத்தில் அடைக்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. ஆனால் ஒரு தவளைக்கு அதே பதில் பொருந்தாது.

தவளையா? அது என்ன கதை?

டர்பன் இருக்கும் க்வாசூலு-நட்டால் மாகாணத்தின் கடலோரத்து ஈரநிலங்களில் மட்டும் வாழும் ஒரு நாணல் தவளை. பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று பெயர். மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். கரும்புத் தோட்டத்துக்காகவும் ஊர் விரிவதற்காகவும் அந்தச் சதுப்புகளை வடித்துவிட்டதால் இடமில்லாமல் அருகிப்போனது. ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சிசாலை அதைத் தண்ணீர்த் தொட்டிகளில் வளர்த்துப் பெருக்கி, 2018-இல் மறுபடி அந்த ஈரநிலங்களில் விட்டது.

1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் வந்தது கரும்பு வெட்ட. அவர்கள் சேற்றில் நின்று வேலை செய்த அதே கடலோரம்தான் இந்தத் தவளையின் வீடும். இரவில் லயத்தில் படுத்திருந்தவர்கள் அதன் குரலைக் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். இந்தத் தவளைக்காக நான் மிருகக்காட்சிசாலைகளுக்கு டிக்கெட் காசு கொடுக்கத் தயார்.

ஜோகன்னஸ்பர்க் போகலாமா, பிரிட்டோரியா போகலாமா?

முழங்கால் வலி உள்ளவர்கள் என்றால் ஜோகன்னஸ்பர்க். கிட்டத்தட்ட சமதரை, இடமும் சிறியது. அங்கே மாக்ஸ் என்ற கொரில்லாவின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1997-இல் போலீஸ் துரத்திய ஒரு திருடன் துப்பாக்கியோடு அதன் இடத்துக்குள் குதித்துவிட்டான். குண்டடி பட்டும் மாக்ஸ் அவனை விடவில்லை. பிழைத்து 2004 வரை வாழ்ந்தது.

ஜோகன்னஸ்பர்க்கின் இந்தியர் பகுதியான லெனேசியாவின் பெரியவர்களுக்கு அந்த இடம் வேறு காரணத்துக்காக நெருக்கமானது. 1904-இல் அந்த நிலத்தை நகரத்துக்குத் தானமாகக் கொடுத்தபோது எல்லா மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். 1953-இல் வந்த சட்டம் பூங்காவையும் பெஞ்சையும் கூட இனவாரியாகப் பிரித்தது. அப்போதும் அந்த மிருகக்காட்சிசாலையும் எதிரே உள்ள ஏரியும் எல்லோருக்கும் திறந்திருந்தன. "அந்த நாளில் எங்களை யாரும் எழுந்திரு என்று சொல்லாத புல்தரை அது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்.

தெரு பாதுகாப்பானதா?

காரிலேயே போங்கள், உள்ளேயிருக்கும் நிறுத்தத்தில் நிறுத்துங்கள், வெளியே தெருவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கார் பார்த்துக்கொள்பவருக்குச் சில்லறை ரேண்ட் வைத்திருங்கள். உள்ளே பயமில்லை.

பக்கத்தில் கோயில் இருக்கிறதாமே?

இருக்கிறது. மராபஸ்டாட் மாரியம்மன் கோயில், காரில் சில நிமிடம். பிரிட்டோரியாவின் மிகப் பழைய இந்துக் கோயில் அது. இப்போதுள்ள கட்டடம் 1928-இல் எழுந்தது. கடைவீதிக்கு நடுவே வண்ணக் கோபுரத்தைப் பார்த்ததும் ஊரிலிருந்து வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதைச் சுற்றி ஒரு காலத்தில் நம் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து 1960-களில் அவர்களை லோடியத்துக்கு அனுப்பிவிட்டது. கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. காலையில் தரிசனம், பிறகு மிருகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடை திறந்திருக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரவில் பார்க்க முடியுமா?

முன்பதிவு செய்துகொண்டால் வழிகாட்டியோடு இரவுச் சுற்றுலா உண்டு. டார்ச்சும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மூலையில் சுருண்டு கிடந்தவை எல்லாம் நடமாடும்.

லோடியத்துச் சிநேகிதியின் அம்மாவை நாங்கள் எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். மராபஸ்டாடில் பிறந்தவர், எண்பதைத் தாண்டியவர். சிறுவயதில் அதிகாலையில் விழிப்பு வந்தால் படுக்கையிலிருந்தே சிங்கத்தின் கர்ஜனை கேட்குமாம். "எங்கம்மா அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடி அது எழுந்துடும்" என்பார். சிங்கத்தின் குரல் எட்டு கிலோமீட்டர் வரை கூடக் கேட்கும் என்பதால் அதில் ஆச்சரியமில்லை. லோடியத்துக்குப் போன பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் பல நாள் தூக்கம் வரவில்லை என்று ஒரு தடவை சொன்னார்.

போன ஜூலையில் அவரை இரவுச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போனோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி ஆந்தையைக் காட்டினார், கழுதைப்புலியைக் காட்டினார். ஆயா தலையை மட்டும் அசைத்தார். அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து சிங்கம் குரல் கொடுத்தது. முதலில் ஒரு முனகல், பிறகு நெஞ்சு அதிரும் அளவுக்கு முழுக் கர்ஜனை. பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆயா கம்பளியைக் காதிலிருந்து விலக்கிவிட்டு, வழிகாட்டியிடம் வண்டியைக் கொஞ்ச நேரம் நகர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.